கிழித்துப் போட வேண்டிய காகிதம்

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தோசை மாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். வாரத் துணிகளை இரண்டு தடவையாக மெஷினில் போட்டேன். நடைபாதையில் பனி உறைந்திருந்த இடத்தில் உப்புத் தூவினேன். ஒன்பது மணிக்குப் பெரியவர் வீட்டுக்குப் போய், நான்காவது பெட்டியை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பெரியவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம் போனால் அவர் ஊர். எண்பதைத் தாண்டிய கறுப்பினத்தவர்; தனியாக இருக்கிறார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. இளவயதில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோத்தார். பக்கத்துக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள், தங்கள் மக்களின் வரலாற்றைப் பாடமாக வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று அலுவலகத்துக்குள் உட்கார்ந்துகொண்ட சமயம், அவர்களுடைய துண்டறிக்கை இவர் கைக்கு வந்தது. மனிதர் சும்மா கோக்கவில்லை. அதிலிருந்த தகவல் பிழைகளையும் திருத்தி அனுப்பினார். கல்லூரி பாடத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான், நடத்த ஆளே இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. மாணவர்கள் அச்சகத்துக்கு வந்து இவரைக் கையோடு அழைத்துப் போனார்கள். முதல் பாடத்திட்டமும் என்னென்ன படிக்க வேண்டும் என்ற முதல் பட்டியலும் இவர் போட்டவை. பட்டம் இல்லை என்பதால் பல வருடம் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் கல்லூரி காலியாகவே விட்டது. இன்று அது ஒரு தனித் துறை. அங்குள்ள முனைவர்கள் சந்தேகம் கேட்டு இவரைக் கூப்பிடுகிறார்கள். இவர் அவர்களைத் திட்டுகிறார். என்னையும்தான். பணிவு என்ற சரக்கு அவரிடம் கிடையாது.

பெட்டிகளில் இருப்பவை இறுதிச் சடங்குத் தாள்கள். கறுப்பினத் தேவாலயங்களில் ஒருவர் இறந்தால் நாலு பக்கத்தில் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். முகப்பில் படம். உள்ளே, தெற்கு மாநிலங்களில் எந்த ஊரில் பிறந்தார், யாருடைய மகள், எப்போது இங்கே வந்தார் என்ற குறிப்பு. பின்பக்கம் சவப்பெட்டி தூக்கியவர்களின் பெயர்கள். அச்சகத்தில் அடித்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை இவர் எடுத்து வைத்துக்கொண்டார். சர்க்கார் பதிவில் ஏறாதவர்கள் இதில் ஏறியிருக்கிறார்கள் என்பார். அவருடைய மாணவர்கள் இதை வைத்துத்தான் குடும்பங்களைத் தேடக் கற்றுக்கொண்டார்கள்.

கல்லூரி ஒருமுறை ஒரு பெட்டியைத் தொலைத்துவிட்டது. ஆகவே ஸ்கேன் செய்ய அவர்களிடம் தர மாட்டார். ஊர் நூலகத்தில் தன்னார்வலராக இருக்கும் என்னிடம் ஒவ்வொரு பெட்டியாகத் தருகிறார். ஒரு தாள் கெட்டாலும் வேலை அத்தோடு நின்றுவிடும் என்பது நிபந்தனை. நின்றால் மிச்சப் பெட்டிகள் அவருடைய ஈரம் ஊறும் பேஸ்மென்ட்டில் கிடந்து மக்க வேண்டியதுதான்.

பதினொரு மணிக்குக் காய் வாங்க, இந்தியக் கடைகள் இருக்கும் எடிசனுக்குக் கிளம்பினேன். ஓக் ட்ரீ ரோட்டில் பார்க்கிங் கிடைப்பதற்குள் பாதி உயிர் போனது. மீதி உயிர் வீட்டுக்கு வந்ததும் போனது. ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் கத்தரிக்கோலோடு மேசையில் உட்கார்ந்திருந்தார். வெட்டியெடுத்த படங்கள் ஒரு பக்கம் வரிசையாக. பெட்டி கால்வாசி காலி.

“அத்தை, என்னங்க பண்ணியிருக்கீங்க?”

“எழவுக் காயிதத்த ஊட்டுக்குள்ள வெப்பாங்களா கண்ணு? படிச்சதும் கிழிச்சு வெளிய போட்றோணும். படத்த மட்டும் கிழிக்க மனசு வரல. பாவம், அவங்க புள்ளைங்க கண்ணாடி போட்டு மாட்டிக்குவாங்கல்ல?”

“எழவுக் காயிதம்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“அவன்தான்.”

என் கணவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “என்னன்னு கேட்டாங்க. கருமாதிப் பத்திரிகை மாதிரின்னு எக்ஸ்ப்ளெயின் பண்ணேன். கரெக்ட்தானே?”

“ரொம்பக் கரெக்ட். கருமாதிப் பத்திரிகைய உங்கம்மா என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“டைனிங் டேபிள்ல எதுக்கு வெச்சே? டேப் போட்டு ஸ்கேன் பண்ணிடு, யாருக்குத் தெரியப்போகுது?”

அதற்குப் பதில் சொன்னால் சாயங்காலம்வரை போகும். தெருவோரக் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு, பால் டப்பாக்களுக்கும் அட்டைகளுக்கும் நடுவிலிருந்து துண்டுகளைப் பொறுக்கினேன். அத்தை பத்திரப்படுத்திய படங்களைப் பெரியவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. “முகம் எல்லாருக்கும் இருக்கு, எழுத்தைப் பாருங்க” என்பார். அந்த எழுத்துதான் நாலு துண்டாக என் மடியில் இருந்தது.

மறைக்க முடியாது. பெரியவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி:

“டேப் போட்டீங்களா?”

“இல்லை.”

“போடாதீங்க, பசை காகிதத்தைத் தின்னுடும். அந்தம்மா பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் போடுங்க.”

மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்ட என்னை மொழிபெயர்ப்பாளராக்கிவிட்டார். எதற்குக் கிழிப்பது, யார் கிழிப்பது, வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்று வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார். அத்தையும் சளைக்காமல் சொன்னார். கடைசியாக, காகிதத்தைக் கிழித்துவிட்டால் பெயர்கள் என்ன ஆகும் என்று பெரியவர் கேட்டார்.

“பேர எதுக்குக் காயிதத்துல வெக்கோணும்? யாரு யாருக்குச் சொந்தம்னு ஊரு பூரா தெரியுமே!”

இதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“எங்களுக்கும் தெரிஞ்சுதான் இருந்தது. அம்மாவை ஒரு ஊருக்கும் பிள்ளையை ஒரு ஊருக்கும் விற்கிறவரைக்கும்.”

தமிழில் சொல்ல எனக்கு இரண்டு முறை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டர்கூட இல்லாமல், தொட்டியில் இன்னும் ஏதாவது துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடச் சொல்லிக் கணவரை விரட்டினேன்.

“எல்லாத் துண்டும் நாளைக்கு எனக்கு வரணும்” என்றார் பெரியவர். “ஒட்டறது என் வேலை.”

“மிச்சப் பெட்டிகள்?”

“இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. ஸ்கேன் பண்ணணும்னா இங்கே, என் கண் முன்னால் பண்ணுங்க. சனிக்கிழமை தோறும். காபி கொண்டு வராதீங்க, காகிதத்து மேலே கொட்டும்.”

பிப்ரவரி 11. காலையில் முதல் வேலையாக ஸ்கேனரின் வயர்களைக் கழற்றி, அதை ஒரு குளியல் துண்டில் சுற்றி, பெரியவர் வீட்டுக்குப் போகும் பெட்டியோடும் கிழிசல்களோடும் காரின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன்.