டேக் வெட்டாத கவுன்

ஓசூரில் குடியிருக்கிறோம். கணவரின் கம்பெனி குடும்ப விழா, பள்ளி விழா என்று யுகேஜி படிக்கும் என் மகளுக்கு அடிக்கடி புது கவுன் தேவைப்படும். ஆன்லைனில் வாங்கி, விலை டேக்கை வெட்டாமல் உள்பக்கம் மடித்து, விழாவுக்கு அவளுக்குப் போட்டுவிடுவேன். மறுநாளே ‘அளவு சரியில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவேன். எல்லோரும் செய்வதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் பிறந்தநாளுக்குச் சிங்காரப்பேட்டையிலிருந்து என் நாத்தனார் ஆசையாக ஒரு கவுன் வாங்கி வந்தார். போட்டுவிட்டு, டேக்கை வெட்டப் போனார். மகள் பின்கழுத்தைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

“வேணாம் அத்தை! நாளைக்கு டெலிவரி அண்ணா வந்து கேப்பாரு!”

“அத்தை உனக்குன்னு வாங்குனதுடி தங்கம். எந்த அண்ணனுக்கு இதுல பங்கு?” என்று சிரித்த நாத்தனார், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அழுக்காகிவிடும் என்று அன்று மகள் கேக்கைக்கூடத் தொடவில்லை. கவுனைக் கழற்றும்போது கழுத்தில் டேக் உரசிச் சிவந்திருந்தது.

“அம்மா, இது எனக்குச் சரியாத்தான் இருக்கு. சரியில்லன்னு சொல்லிடாத” என்றாள்.



இப்போது துணி வாங்குவதைக் குறைத்துவிட்டேன். வாங்கினால், டேக்கை அவளையே வெட்டச் சொல்கிறேன். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, “நெசமாவே நம்மளுதாம்மா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.