பனியன் வேஸ்ட்டில் வடிகட்டிய பெட்ரோல்

ஓசூரில் எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் பனியன் வேஸ்ட் கிடக்கும். வெட்டிக் கழித்த பனியன் துணி, மூட்டை மூட்டையாக வரும். கை துடைக்க அது, மெஷின் துடைக்க அது, சாப்பாட்டு மேசையில் குழம்பு கொட்டினாலும் அதுதான். சரி, அது போகட்டும். பெட்ரோல் வடிகட்டவுமா அது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரத்துகளின் கடைசி. டிப்ளமோ முடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் சோதனைப் பிரிவில் இருந்தேன். காடுமேட்டில் ஓட்டுகிற வண்டி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். கார்புரேட்டர் கிடையாது, பம்ப் வைத்துப் பெட்ரோலை எஞ்சினுக்குள் பீச்சுகிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர், கான்ட்ராக்ட் தொழிலாளி. வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு பாறை மேட்டில் அதிகாரிகள் முன்னால் ஏறிக் காட்டிவிட்டால் அவருக்கு வேலை நிரந்தரம் என்று மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அக்கா அதை நம்பித் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

"தூசி ஒரு பொட்டுகூட உள்ள போவக் கூடாது, துணியப் போட்டு வடிகட்டி ஊத்துங்க" என்பது மேனேஜரின் உத்தரவு.

"சார், பனியன் துணியில நூல் பிரியும். பழைய வண்டின்னா கார்புரேட்டரக் கழட்டி ஊதிட்டுப் போயிடலாம். இதுல டேங்க்குக்குள்ளயே பம்ப்பு, அதோட வாயில ஃபில்டர். நூல் போய் அடைச்சுக்கும். சல்லடை வெச்ச புனல் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றேன்.

"இத்தன வருசமா இப்டித்தானேப்பா ஊத்துறோம்? நீ வந்துட்ட புதுசா!"

சோதனையன்று மாமா மேட்டில் பாதிவரை அழகாகத்தான் ஏறினார். ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க வண்டி இருமியது, செத்தது. மாமா பாறையில் சாய்ந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். கீழே உருட்டிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்தால், படுபாவி வண்டி, ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது! பம்ப் நின்றதும் ஃபில்டரில் ஒட்டிய நூல் கொஞ்சம் உதிர்ந்திருக்கும், வேறென்ன.

"வண்டி நல்லாத்தானய்யா ஓடுது! இந்தாளுக்கு ஓட்டத் தெரியல" என்றார் மேனேஜர், அத்தனை பேர் முன்னால்.

திரும்பி வந்ததும் டேங்க்கைக் கழற்றினேன். ஃபில்டர் முழுக்க வெள்ளை நூல், துணி உலர்த்தும் கொடியில் படிந்த அழுக்குப் பஞ்சுபோல. அப்படியே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். பார்த்தார். புரிந்தது, நன்றாகவே புரிந்தது.

"சரிப்பா, புனல் வாங்கிடலாம்."

"மாமாவுக்கு, சார்?"

"ஓட்டுனவர் தப்புன்னு ரிப்போர்ட் மேல போயிடுச்சேப்பா."

என்ன நியாயம் இது! வண்டிக்குப் புனல் உடனே வந்தது. டேங்க்கைக் கழுவினோம், புது ஃபில்டர் போட்டோம், துணியைப் பக்கத்திலேயே விடவில்லை. மறு சோதனைக்கு மாமாவுக்குப் பதில் வேறொருவரைப் போட்டார்கள். அவருக்கு அந்த மேட்டில் எந்தப் பாறையை ஒட்டித் திருப்புவது என்று தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? மாமாவைத்தான். அவரும் கிளம்பிவிட்டார்.

"ரோசமே இல்லியா மாமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"போவலன்னா இருக்கிற கான்ட்ராக்ட்டும் போயிரும் மாப்ள. அக்காவுக்கு நீயா பதில் சொல்லுவ?"

வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் உச்சிக்கு ஏறியது. அதிகாரிகள் கைதட்டினார்கள். மேனேஜர் மாமா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மாமாவும் கைதட்டினார்.