அலமாரிக்குள் ஒரு குண்டு பல்ப்

ஏற்காட்டில் பல வீடுகளில் துணி அலமாரிக்குள் பல்ப் எரியும். சேலத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது வேடிக்கை. மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகும். மூடிவைத்த துணியில் பூசணம் பிடிக்கும். அடித்தட்டில் ஒரு குண்டு பல்ப் எரிந்தால் அந்தச் சூட்டில் துணி காய்ந்தே இருக்கும். நெருக்கி அடுக்கினால் மட்டும் சூடு மேலே ஏறாது. எங்கள் வீட்டில் துணி குறைவாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். புதுப் புடவை ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். அதனால் கடையில் புடவையை முழுதாகப் பிரித்து, கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பல வருடம் தாங்கும் என்று தெரிந்தால்தான் வாங்குவேன். கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணப்பெண் சர்ச்சில் கட்டும் வெள்ளைப் பட்டுப்புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது எங்கள் இரு குடும்பத்திலும் வழக்கம். மகள் வேண்டாம் என்றாள்.

"ஒரு நாள் கட்டிட்டு மடிச்சு வெக்கறதுக்கு எதுக்குங்க அத்தை புதுசு? அம்மா கல்யாணத்துக்குக் கட்டுன பட்டு இருக்குதே."

வாழவந்தியிலிருந்து வந்திருந்த வருங்கால மாமியாரின் முகம் சுருங்கியது. "எடுத்துக் குடுக்க வக்கில்லைன்னு ஊர்ல பேசுவாங்க கண்ணு."

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். என் புடவையை அவர் ஒருநாள் வந்து பார்ப்பார். நன்றாக இருந்தால் அதுவே, இல்லையென்றால் புதிது.

அவர் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் அலமாரியைத் திறந்தேன். பூசண வாடை அடித்தது. வெள்ளைப் பட்டின் மடிப்புகளில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது. பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்தில் கையை வைத்தேன், சூடே இல்லை.

"ஏனுங்க, இந்த பல்ப்பை யாருங்க மாத்துனது?"

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "நான்தான். எல்.இ.டி. கரண்டு மிச்சம். வெளிச்சமும் நொம்ப நல்லா வருதில்ல?"

"பட்டுச்சேலை உள்ள உக்காந்து பேப்பரா படிக்குது?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது அந்த ஒரு புடவையைத்தான்.

முன்னறையில் கொடி கட்டிப் புடவையை விரித்தோம். கணவர் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷால் பூசணத்தை உதிர்த்தோம். மறுநாள் அவரே அதை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பட்டுக்கு பாலிஷ் போடும் கடையைத் தேடி பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினார். திரும்பி வந்தபோது புடவை பளபளத்தது. ஆனால் உடல் பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை தங்கிவிட்டது. கொசுவத்துக்குள் போகும் இடம், மறைக்கலாம்.

மகள் மறைக்கவில்லை. மாமியார் வந்து உட்கார்ந்ததும் கறை இருந்த பக்கத்தையே மடியில் விரித்தாள்.

அவர் குனிந்து மோந்து பார்த்தார். "பூசணமுங்களா சம்பந்தி? பல்ப்பு அணைஞ்சு போச்சுங்களா?"

"அணையலைங்க," என்றேன். கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாமியார் பட்டுத்துணியை இரண்டு விரலால் நெருடிக்கொண்டே இருந்தார். "இந்தக் கனத்துல இப்ப எங்கீங்க கெடைக்குது?" பிறகு மகளைப் பார்த்தார். "அப்ப நான் என்னதான் கண்ணு எடுத்துக் குடுக்கறது?"

"கல்யாணம் முடிஞ்சதும் இதுக்குச் சாயம் போட்டுக் குடுங்க அத்தை. வெள்ளையா இருந்தா உள்ளயேதான் கெடக்கும். பச்சைன்னா வேலைக்குக்கூடக் கட்டிட்டுப் போவேன். கறையும் தெரியாது."

அவர் புடவை முனையை மகளின் கையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"பச்சை வேண்டாம் சாமி. உன் நெறத்துக்கு அரக்குதான் எடுப்பா இருக்கும்."

"அரக்கு வயசானவங்க கட்டறதுங்க அத்தை."

"அப்ப எனக்கு வயசாயிருச்சுங்கற?"

இருவரும் நிறத்துக்குச் சண்டை போட ஆரம்பித்ததும் நான் காபி போட எழுந்தேன். கல்யாணத்தன்று மகள் என் பட்டில்தான் சர்ச்சுக்குள் நடந்தாள். சாயப்பட்டறை வாசலிலும் சண்டை தீராமல், கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் முடிந்தது. இந்த ஈஸ்டருக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். மாமியார் தன் தம்பி மகன் கல்யாணத்துக்கு அதை இரவல் கேட்டிருக்கிறாராம்.