எதிர்வீட்டுக்கு வெட்டிய குழி

பொறை, அடிபடாதவருக்கு எளிது. அடிபட்ட வீட்டில், வெந்த மனத்தோடு அதைக் காப்பதே அருமை. அவ்வருமை வாய்த்தவர் அன்னம்மா. நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே, மேகம் படியும் தேயிலைத் தோட்டமொன்றின் மெதடிஸ்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, அதன் அருகிலேயே கொழுந்து பறித்து மூப்படைந்தவர்.

அவ்வாலயத்தை எழுப்பியவை இரண்டு குடும்பங்கள். அன்னம்மாவின் கணவர் தம்பையாவின் வழி ஒன்று. முத்துலிங்கத்தின் வழி மற்றொன்று. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த தொடக்க நாளில் ஒரு வீட்டில் ஒருவர் காய்ச்சலில் மாண்டபோது, மதம் மாறியவரென்று லயத்து வரிசைவீட்டார் எவரும் குழி வெட்ட வரவில்லை. மற்றக் குடும்பத்தார் மண்வெட்டியை எடுத்தனர். அன்றுமுதல் ஒரு வீட்டுச் சாவுக்கு எதிர்வீட்டாரே குழி வெட்டுவது முறையாயிற்று. கூலிக்கு ஆள் வைப்பதில்லை. சாவு வீட்டார் மண்ணைத் தொடுவதுமில்லை. தம்பையாவுக்குக் குழி வெட்டியவர் முத்துலிங்கமே.

சென்ற அறுப்பின் பண்டிகையன்று அந்த உறவு உடைந்தது. ஆலயத்தின் புது முகப்பில் பதித்த கல்லில் முத்துலிங்கத்தின் பாட்டனார் பெயர் மட்டுமே இருந்தது. அன்னம்மாவின் மகன் கிஷாந்த் கடப்பாரையான அலவாங்கை எடுத்து அக்கல்லைப் பிளந்தான். முத்துலிங்கத்தின் மகன் துஷாந்த் அதே அலவாங்கைப் பறித்து அவன் முகத்தில் வீசினான். காணிக்கையாக வந்த பூசணிக்காய்களும் வாழைத்தார்களும் காலடியில் நசுங்க, இரு குடும்பத்து ஆண்களும் பீடத்தின் முன்பே ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தினர். கிஷாந்தின் இடக்கண் போயிற்று. துஷாந்த் மறியல் சிறைக்குப் போய்ப் பிணையில் வந்தான். அதன்பின் போதகர் ஆளில்லாத வாங்குப் பலகைகளுக்கே பிரசங்கித்தார்.

மழை விடாத ஒரு காலையில் முத்துலிங்கம் இறந்த செய்தி வந்தது. குழி நம் வீட்டுப் பொறுப்பு என்று அன்னம்மா மகனிடமும் மருமகளிடமும் சொன்னார். மகன் சிரித்தான். கணவரின் தம்பி சின்னராசாவோ சிரிக்கவில்லை. வாசற்கல்லில், தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே அவர் தம் எண்ணத்தைச் சொன்னார். பெட்டிக்குத் துஷாந்தே முன்னால் தோள் கொடுப்பான். அவன் இரு கைகளும் பெட்டியில் இருக்கும். கல்லறைத் தோட்டத்து வளைவில் வைத்து முடித்துவிடலாம். கிஷாந்த் கத்தியை வாங்கி விரலால் கூர் பார்த்தான்.

பிள்ளை கொலைகாரனாகப் போகிறான் என்பது அன்னம்மாவுக்கு விளங்கிவிட்டது. அழுதால் கேட்கிற காதுகள் அங்கில்லை என்பதும் தெரிந்தது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தனியே மேடேறினார்.

முழங்கால் ஆழம் வெட்டுமுன் சின்னராசா பின்தொடர்ந்து வந்துவிட்டார்.

"மதினி, நீங்க வெட்டுறது குழி இல்ல. எங்க மூஞ்சியில அள்ளிப் போடுற மண்ணு."

"ஒங்க அண்ணனுக்கு வெட்டுன கை பொட்டிக்குள்ள கெடக்கு தம்பி. தள்ளி நில்லுங்க."

சின்னராசா மண்வெட்டியைப் பிடுங்க இழுத்தார். காம்பு திரும்பி அன்னம்மாவின் நெற்றியைப் பிளந்தது. அவர் குழிக்குள் குப்புற விழுந்தார். சேற்று நீரில் இரத்தம் கலந்து பரவியது. அண்ணன் மனைவியை அடித்துவிட்டோம் என்ற திகிலில் சின்னராசா மண்வெட்டியை எறிந்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கி ஓடினார். அன்னம்மா தவழ்ந்து அதை எடுத்தார். கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு மீண்டும் வெட்டத் தொடங்கினார்.

அன்னம்மா வீட்டார் எவரும் வெட்ட வரமாட்டார்கள் என்றே துஷாந்த் முடிவு கட்டியிருந்தான். ஆதலால் ஊர்வலத்துக்கு முன்னரே, கடைவீதியிலிருந்து கூலிக்கு இருவரை அழைத்துக்கொண்டு, அலவாங்கோடு வந்தான். குழிக்குள் இரத்தமும் சேறுமாக நின்ற கிழவியைக் கண்டு அவன் கால் நின்றுவிட்டது. "பெரியம்மா" என்றான்.

அவ்வளவில், வளைவில் பதுங்க வந்த கிஷாந்த் சவுக்கு மரங்களுக்குப் பின்னிருந்து பாய்ந்தான். தாயின் நெற்றியைப் பிளந்தவன் துஷாந்த் என்றே அவன் எண்ணினான். கூலிக்கு வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். கத்தி ஒருமுறை துஷாந்தின் தோளைக் கிழித்தது. துஷாந்த் அலவாங்கைத் தலைக்கு மேல் ஓங்கினான். கத்தி மறுமுறை இறங்குமுன் அன்னம்மா குழியிலிருந்து ஏறி, இருவருக்கும் நடுவே புகுந்து, வெறுங்கையால் அலகைப் பற்றினார். இரும்பு எலும்பில் பதிந்தது.

"விடுங்கம்மா" என்றான் கிஷாந்த்.

"இவன் என்னைய தொடல. ஒங்க சித்தப்பன் கைதான் பட்டுச்சு." அலகை விடாமலே சொன்னார். "ஒரு குழிதான்யா வெட்டுறேன். ரெண்டாவது வெட்ட எனக்குத் தெம்பு இல்ல."

இழுத்தால் தாயின் விரல்கள் கத்தியோடு வந்துவிடும். அது கிஷாந்தின் ஒற்றைக் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் பிடியை விட்டான். துஷாந்தின் அலவாங்கும் மெல்லத் தாழ்ந்தது.

மீதிக் குழியை வெட்டி முடிக்கத் துஷாந்த் மண்வெட்டியை நோக்கிக் குனிந்தான். கிஷாந்தின் முட்டி அவன் வாயில் இறங்கியது.

"ஒங்கப்பனுக்கு நீ வெட்டுவியாடா? முறை தெரியாத நாயே. தள்ளுடா அங்கிட்டு."

துஷாந்த் இரத்தத்தைத் துப்பிவிட்டு விலகி நின்றான். கிஷாந்த் குழிக்குள் குதித்து, பற்களைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வசை வைத்து ஆளுயரம் தோண்டினான். அன்னம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மேட்டில் அமர்ந்திருந்தார். வலியை அவர் அப்போதுதான் உணர்ந்தார். உணர்ந்தும், மகன் உயிரோடும் கொலைப்பழியின்றியும் மண் வெட்டுகிறான் என்பதே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

பெட்டி வந்தபோது குழி ஆயத்தமாயிருந்தது. கிஷாந்த் மண் போட நிற்கவில்லை. ஆலயத்துக்குத் திரும்பியும், இன்றும் அவ்விரு குடும்பத்தாரும் ஒரே வாங்கில் அமர்வதில்லை, வழக்கும் முடியவில்லை. அன்னம்மாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. இராப்போசனத்தின்போது அந்தக் கையை ஏந்தியே அப்பம் பெறுகிறார்.

உயிர்காக்கும் ஆண்டவர் அன்னம்மா வீட்டு வாசலைக் காப்பாராக. மகனின் ஒற்றைக் கண்ணுக்கு அமைதியும், மருமகளின் மடிக்கு மழலையும், அடுப்புக்கு அணையாத அனலும் அருள்வாராக. அக்கூரையின் கீழ் துயில்வோர் அனைவர்மேலும் அவருடைய சமாதானம் மலைப்பனியைப் போல் இறங்கித் தங்குவதாக.