மாடி வீட்டுக் கடல்

போன வாரம் என் மகள் போனை நீட்டி, "அப்பா, நம்ம ஹாலையும் இது மாதிரி மாத்துவோமா?" என்று கேட்டாள். செலவில்லாமல் வீட்டைக் கடற்கரை போல ஆக்குவது எப்படி என்று ஒரு பெண் வீடியோவில் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய கண்ணாடியின் விளிம்பில் கயிறு சுற்றி ஒட்டினாள். பின்னால் நீலத் திரைச்சீலை, சுவரில் வலை. எனக்கு ஈரத் தேங்காய்நார்க் கயிற்றின் வாடை மூக்கில் ஏறிவிட்டது. போனிலிருந்து வாடை வருமா என்று கேட்காதீர்கள். வந்தது.

அப்படி ஒரு கண்ணாடிக்கு நானும் கயிறு சுற்றியிருக்கிறேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கப்பலூரில் இரும்பு அலமாரி செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். தங்குவதற்கு, நாகமலை புதுக்கோட்டையில் அண்ணன் குடியிருந்த மாடி வீட்டில் ஒட்டிக்கொண்டேன். அண்ணன் எலக்ட்ரீசியன். தூத்துக்குடிக்கு வேலைக்குப் போன இடத்தில் மதினியைப் பார்த்துப் பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் கேட்காமல் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மதினி பெயர் ஜெனிட்டா. திருவாதவூரில் இருந்த எங்கள் அம்மாவுக்கு அது வாயில் நுழையாது, "சனிட்டா" என்பாள். ஆனாலும் முதல் தீபாவளிக்கே மருமகளுக்குச் சேலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மதினியின் அப்பா அப்படி இறங்கி வரவில்லை. அவர் தங்கல் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். போனால் ஒரு வாரம், பத்து நாள் கடலிலேயே கிடந்துவிட்டுத்தான் திரும்புவார். அந்த நாட்களில் மட்டும் மதினியின் அம்மா ரகசியமாகப் போன் செய்வார். இப்படியே சில வருஷம் போயிற்று.

ஒரு மே மாதத்தில் மதினி போனைக் காதில் வைத்தபடியே அழுதாள். பயந்துபோய் அண்ணனும் நானும் எழுந்து நின்றோம்.

"கிறிஸ்மஸ் கழிச்சு அப்பா இங்க வாராகளாம்" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிரும் சுவர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. "அப்பாவுக்கு கடலு இல்லாம உறக்கம் வராதே தம்பி. இங்க வந்து எப்படிப் படுப்பாக?" என்று என்னிடம் கேட்டாள். மதுரையில் கடலுக்கு எங்கே போவது?

நாகமலை புதுக்கோட்டைக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்தில் பல்கலைக்கழகம். மே மாதம் மாணவர்கள் ஹாஸ்டலைக் காலி செய்யும்போது தூக்கிக்கொண்டு போக முடியாததெல்லாம் பழைய இரும்புக்கடைக்கு வந்துவிடும். பாய் ஒருவர் அந்தக் கடையை வைத்திருந்தார். மதினிக்குத் துணையாகப் போன நான் எடுத்த எடுப்பில், "பாய், கடல் மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

பாய் தராசை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கடல்ல என்னத்த மாப்ள எடைக்குப் போடுவாங்க?"

மதினி சிரிக்கவில்லை. உள்ளே போய்க் குவியலைக் கிளறி, சட்டம் உடைந்த கண்ணாடி, நீலமும் பச்சையுமாகச் சில பாட்டில்கள், கிழிந்த வாலிபால் வலை என்று எடுத்தாள். ராமேஸ்வரத்தில் பெயர் பொறித்துத் தருவார்களே, அந்தச் சங்கு ஒன்றும் கிடைத்தது. அதில் 'மகேஷ் – ப்ரியா' என்று இருந்தது. அவர்கள் யாரோ, சங்கை ஏன் எடைக்குப் போட்டார்களோ! எங்கள் வீட்டு ஜன்னலில் அவர்கள் பல மாதம் சேர்ந்தே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. கண்ணாடிக்கு உடைந்த சட்டத்துக்குப் பதிலாக ஈரத் தேங்காய்நார்க் கயிற்றை நான் சுற்றினேன். அண்ணனின் பழைய வேட்டிகளை அண்டாவில் போட்டுச் சொட்டு நீலத்தைக் கொட்டினோம். திட்டுத்திட்டாகச் சாயம் பிடித்தது. நான் கெட்டுப்போயிற்று என்றேன். மதினி அதைக் கொடியில் போட்டுக் காற்றில் ஆடவிட்டுப் பார்த்து, "இப்படித்தான் தம்பி இருக்கும், ஒரே நீலமா எங்க இருக்கு?" என்றாள். இடித்த வீட்டு ஜன்னல் கதவு ஒன்றைத் தூக்கி வந்து, பட்டறையில் மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டை அடித்து, உப்புக்காற்றில் உரிந்தது போல நானே உப்புத்தாளால் தேய்த்தேன். கப்பலூரில் பெயிண்ட் உரிந்தால் மேஸ்திரி திட்டுவார். இங்கே உரித்ததற்குப் பாராட்டு.

மணலில்தான் தோற்றேன். பாட்டிலில் போடுவதற்கு வைகையிலிருந்து ஒரு பை அள்ளி வந்தேன். மதினி ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டினாள். "இது ஆத்து மணலு. கண்ண மூடிட்டுத் தொட்டாலும் தெரியும்." முகம் வாடியது. பிறகு என் முகத்தைப் பார்த்து, "பரவால்ல தம்பி, அப்பா பாட்டிலத் தொறந்தா பாக்கப் போறாக?" என்று சொல்லி நிரப்பிவிட்டாள்.

வாலிபால் வலையைச் சாயங்காலங்களில் உட்கார்ந்து பொத்தினாள். அவள் அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சு. கார்த்திகை வாக்கில் வலை சுவரில் ஏறிவிட்டது. அண்ணன் அதற்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு மாட்டினார். உண்மையைச் சொன்னால், அந்த அறை கடல் போலவும் இல்லை, வீடு போலவும் இல்லை. ஆனால் அந்த நடுவில் கிடந்த பாயில் மதினி நன்றாகத் தூங்கினாள்.

அந்தக் கார்த்திகையிலேயே புயல் வந்தது. மதுரைக்கு அது வெறும் தூறல். மாவட்டத்தில் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதுதான் இங்கே பேச்சு. மதியம் மதினியின் அம்மா போன் செய்தார். அப்பா கடலில் இருக்கும் நாள் என்பதால் வழக்கமான பேச்சு என்று நினைத்தோம். "படகு வரல" என்று மட்டும் சொன்னாராம்.

மூன்று பேரும் பஸ் ஏறினோம். தூத்துக்குடிப் பக்கம் மதினியின் ஊரில் மரங்கள் சாய்ந்து கரண்ட் இல்லை. கடற்கரையில் ஊரே நின்றது. மதினி கல்யாணத்துக்குப் பிறகு அங்கே கால் வைப்பது அதுதான் முதல் தடவை. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் அம்மா வந்து பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? எல்லாருடைய போன்களையும் ஒரு பையில் வாங்கிக்கொண்டு, கரண்ட் இருந்த டவுனுக்குப் போய்ச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தேன். மறுபடி போனேன், மறுபடி வந்தேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. அதிகாரிகள் பெயர்களை எழுதிக்கொண்டு போனார்கள். தூரத்தில் படகு தெரிந்தால் மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் இறங்கி ஓடும். சிலர் கட்டிப்பிடித்து அழுவார்கள். மற்றவர்கள் ஈரச் சேலையோடு திரும்பி வந்து பழைய இடத்தில் நிற்பார்கள். நாங்கள் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தவர்கள்.

பிறகு படகுகள் வருவது நின்றுபோயிற்று. மதினியைப் பல நாள் கழித்து அழைத்து வந்தோம். மாடிப்படிக்குக் கீழே அண்ணன் என்னைத் தனியாக இழுத்து, "டேய், நீ முன்னாடி போயி அந்த வலையை மட்டும் கழட்டிரு" என்றார். ஓடிப்போய் ஸ்டூலில் ஏறினேன். ஆணியில் சுற்றியிருந்த முடிச்சு எனக்குப் பிடிபடவில்லை. நகத்தால் நெம்பிக்கொண்டிருக்கும்போதே மதினி வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"விடுங்க தம்பி. அது இழுக்க இழுக்க இறுகும். அறுக்கத்தான் செய்யணும்."

ஸ்டூலிலேயே நின்றுகொண்டிருந்தேன். "அறுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் தை மாதம் அவள் அம்மா மதுரைக்கு வந்தார். முன்னறையில் கால் வைத்ததும் வலையைப் பார்த்து நின்றார்.

"என்னத்துக்குத் தாயி வலையக் கொண்டு வீட்டுக்குள்ள மாட்டிருக்க?"

"அப்பாவுக்கும்மா. வந்தா நல்லா உறங்கட்டும்னு…"

அந்த அம்மா வலைக் கண்ணியில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். "அந்த மனுசனுக்குக் கடலக் கண்டாலே ஆகாதே. கரைக்கு வந்துட்டா கடலுக்கு முதுகக் காட்டித்தான உக்காருவாரு. நீ பாத்ததில்லயா?"

"பாத்திருக்கேன்" என்றாள் மதினி. "நம்ம வீட்டப் பாத்து உக்காந்திருக்காகன்னு நெனச்சேன்."

"மருதைக்குப் போனா வயக்காட்டுல ஒரு நா முழுக்க உக்காரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

மதினி சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் பல்பை அணைக்கப் போனார். அது எரியவே இல்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் அந்த அம்மாவைத் திருவாதவூருக்கு அழைத்துப் போனோம். எங்கள் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த வயலில் கதிர் முற்றி நின்றது. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றார். "மழை அடிச்சா என்ன செய்வீக அண்ணே?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"வந்தாலும் போச்சு, வராட்டியும் போச்சும்மா" என்றார் அப்பா.

"அப்ப இதுவும் அப்படித்தானா!" என்று சொல்லி வரப்பிலேயே உட்கார்ந்தார். வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. அப்பா குடையை எடுத்து வந்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த அம்மா இப்போது இல்லை. எங்கள் அப்பாவும் இல்லை. குத்தகை வயல் பிளாட் போட்டு விற்றாயிற்று. புதுக்கோட்டையில் ரோட்டை அகலமாக்கியபோது மாடி வீட்டின் முன்னறை மட்டும் இடிபட்டது. மிச்சத்தை வீட்டுக்காரரே இடித்துவிட்டார். அதற்கு முன்பே அண்ணனும் மதினியும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

மதினி இன்றுவரை அவள் அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னதில்லை. பேச்சு வரும்போது, "அந்த வருசம் அப்பா வரல" என்பாள். நாங்கள் யாரும் அதைத் திருத்துவதில்லை.