வாரம் ஒரு சாக்கு

போன வாரம் மலைக்குப் போகும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் பனிமூட்டம் கண்ணாடியை அடைத்துக்கொண்ட நேரம், பின் சீட்டில் யாரோ செல்போனில் பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் போட்டார்கள். வசனம் காதில் விழவில்லை. வசனத்துக்குப் பிறகு வரும் கூட்டச் சிரிப்பு மட்டும் கேட்டது. பஸ்ஸில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்கு உடனே மிளகு வாசனை அடித்தது.

சிரிப்புக்கும் மிளகுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். தொண்ணூற்றெட்டு வாக்கில், மலைமேல் அரியூர் நாடு என்கிற எங்கள் ஊர்ப்பக்கம் கலர் டிவி ஒரே வீட்டில்தான். அடிவாரத்திலிருந்து வந்து மிளகுத் தோட்டம் வாங்கியிருந்தவர் வீடு; தோட்டக்காரர் என்போம். மலைக்காரர்களான நாங்கள் உள்ளே போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே காலி மிளகுச் சாக்கை விரித்து, அந்த வீட்டம்மா அன்பாகத்தான் சொல்வார்: "இங்கயே உக்காருங்க கண்ணு, காத்து நல்லா வரும்." கம்பளி போர்த்தியும் பல் கிட்டுகிற ஊரில், காற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு நகைச்சுவைத் தொடர். மகன் வேறு சாதியில் கட்டிக்கொண்டு வந்த பெண்ணை நிலைப்படி தாண்ட விடாமலிருக்க, மாமனார் வாரம் ஒரு சாக்குச் சொல்வார். தோட்டக்காரர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். என் அம்மா சிரிக்க மாட்டாள். "அந்தப் புள்ளைய எப்ப சாமி உள்ள உடுவாங்க?" என்று என்னைக் கேட்பாள். மரவள்ளி பிடுங்கும்போதுகூட அவளுக்கு அதே கவலை.

ஒரு வாரம் அந்த மாமனார் வாசலில் சாக்கை விரித்து மருமகளிடம் சொன்னார்: "இங்கேயே உட்காரும்மா, காற்று நல்லா வரும்."

டிவிக்குள் கூட்டம் வெடித்துச் சிரித்தது. உள்ளே தோட்டக்காரர் சிரிக்கவில்லை. வெளியே நாங்களும் சிரிக்கவில்லை. ஆளில்லாத அந்தச் சிரிப்பு மட்டும் எங்களைத் தாண்டிப் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது.

"யாரு சாமி சிரிக்கறது? ஒருத்தரையும் காணோமே" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டின் முதல் படிப்பாளி நான், காலேஜ் முதல் வருஷம் வேறு. விளக்காமல் இருப்பேனா? "அது ரெக்கார்டிங்மா. எங்கியோ உக்காந்து சிரிச்சதப் புடிச்சு வெச்சிருக்காங்க."

"எங்க உக்காந்து? உள்ளயா, வெளியவா?"

மெதுவாகத்தான் கேட்டாள். அந்த வீட்டம்மா எழுந்து வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "பனி உள்ள வருதுங்க" என்று பொதுவாகச் சொல்லி ஜன்னலைச் சாத்தினார். கண்ணாடியில் நீல வெளிச்சம் அசைந்தது. சிரிப்பு மட்டும் தாண்டி வந்துகொண்டிருந்தது. அம்மா சாக்கை உதறி மடித்து ஜன்னல் திட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை.

இன்று அந்த வீடு ஏரி பார்க்க வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ். ஜன்னல் இருந்த இடத்தில் சுவர். அந்தத் தொடரைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்று வந்ததா என்கிறார்கள். செல்போனில் ஓடியது அதுதானோ என்று பஸ்ஸில் திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டு காலி. எந்த வளைவில் இறங்கினாரோ.

அம்மாவும் இல்லை. கடைசி வருஷம் படுக்கையிலிருந்து கேட்டாள்: "அந்தப் புள்ளைய உள்ள உட்டாங்களா சாமி?"

தெரியவில்லை என்றேன்.

"சிரிச்சாங்களே, அவங்களக் கேளு. அவங்க கடைசி வரைக்கும் பாத்திருப்பாங்கல்ல."