தூசி எடுத்த நாக்கு

எங்கள் ஊரில் கண்ணில் தூசி விழுந்தால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள், எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடுகிற ஊர். அறுப்புக் காலம் வந்தால் நெல் சுணையும் வைக்கோல் தூளும் பறந்தபடி இருக்கும். அம்மா வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வருவாள். வந்தவரின் இமையை இரண்டு விரலால் விரித்து, நாக்கு நுனியால் ஒரே தடவு தடவுவாள். தூசி நாக்கோடு வந்துவிடும். அதைப் புறங்கையில் வைத்துக் காட்டி, "இத்துக்கா இந்தக் கத்து கத்தினே?" என்று கேட்காமல் அனுப்பமாட்டாள்.

எனக்கு அருவருப்பாக இருக்கும். "கண்டவங்க கண்ணையெல்லாம் நக்கிக்கினு கீறியே, வெக்கமா இல்ல?" என்று சண்டை போடுவேன். என் கண்ணில் விழுந்தால் மட்டும் அலறிக்கொண்டு ஓடி முதல் ஆளாக நிற்பேன்.

அந்த நாக்கின் வலது ஓரத்தில்தான் புண் வந்தது. உடைந்த கடைவாய்ப் பல் ஒன்று அங்கே உரசிக்கொண்டே இருந்தது. உடம்புச் சூடு என்று சொல்லி அம்மா மணத்தக்காளிக் கீரையாகத் தின்று தீர்த்தாள். புண் ஆறாமல் தடித்துப்போன பிறகு காஞ்சிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துளி சதை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வாய்க்குள்ளேயே ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். மேலாக இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் போதும். ஆழமாக இருந்தால் நுனியோடு சேர்த்துப் பாதி நாக்கு போய்விடும்.

ஸ்கேன் எடுக்கப் போன அன்று பஸ்ஸில் அம்மா நெளிந்துகொண்டே வந்தாள். பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மாகறல் தாண்டியதும் என் காதருகே குனிந்தாள்.

"வண்டி எங்கனா நிக்குமாடி? அடக்க முடியல."

விசாரித்தால், விடிந்ததிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்திருக்கிறாள். நான் மாசமாக இருந்தபோது ஸ்கேனுக்கு முன்னால் எனக்கு அப்படித்தான் ஊற்றி ஊற்றிக் குடிக்கவைத்து, முடிகிறவரை எழுந்திருக்கவும் விடவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஸ்கேன் என்றால் அதுதான்.

"வாய்க்கு எடுக்கற ஸ்கேனுக்கு இன்னாத்துக்கும்மா தண்ணி?"

"மிஷினு ஒண்ணுதானே? தண்ணி பத்தலன்னா நாளைக்கு வான்னுவாங்க. நீ வேலய வுட்டுட்டு எத்தினி வாட்டி அலைவே?"

சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ஸ்கேன் எடுக்கிற டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் அவளைப் பாத்ரூமுக்கு அனுப்பினார். பிறகு பல் துலக்கும் பிரஷ் போல மெலிந்த ஒரு கருவியை எடுத்து, ஜெல் தடவி உறை மாட்டினார். அம்மாவின் நாக்கை மெல்லிய துணியால் பிடித்து வெளியே இழுத்து, கருவியைப் புண்ணின்மேல் வைத்தார். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டாள். திரையில் சாம்பல் நிறத்தில் நாக்கின் சதை இழை இழையாகத் தெரிந்தது. அதன் நடுவே கறுப்பாக ஒரு கட்டி. டாக்டர் மேலே ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து கீழே கோடு இழுத்தார்.

என் மகளை நான் முதலில் பார்த்தது இப்படியொரு திரையில்தான். அன்றைக்கும் கோடு இழுத்துத்தான் அளந்தார்கள். பிள்ளை நன்றாக வளர்கிறது என்று அம்மாவுக்கு வாயெல்லாம் பல். இன்றைக்கு அந்தக் கோடு சீக்கிரம் நின்றுவிட வேண்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். அது இறங்கிக்கொண்டே போனது.

வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்த அம்மா, "இன்னாம்மா, ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆழமாத்தான் இருக்கும்மா" என்றார்.

நுனியோடு வலப்பாதியை எடுத்துவிட்டு, முன்கைச் சதையை வைத்துத் தைத்தார்கள். உயிர் பிழைத்தாள். பேச்சுதான் குழறலாகிவிட்டது. தைத்த சதையில் சூடும் தெரியாது, உப்பும் தெரியாது. கண் தூசிக்கென்று இப்போது யாரும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

போன அறுப்பில், மெஷின் கிளப்பிய தூசி என் கண்ணில் விழுந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு, "யம்மா, கண்ணு!" என்று ஓடினேன். அவள் முன்னால் போய் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அவளும் மறந்துவிட்டிருந்தாள். மளமளவென்று வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, இமையை விரித்து, முகத்தை நெருக்கினாள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. பிறகு அப்படியே நின்றுவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானை நுனியைத் திரித்து, கண் ஓரத்தில் ஒற்றினாள். குழறலாக, "போச்சா?" என்று கேட்டாள்.

நான் அழுத அழுகையில் தூசி எப்போதோ போய்விட்டிருந்தது.

"இல்லம்மா, இன்னும் கீது" என்று முகத்தை அவளிடமே கொடுத்தேன்.